சமூக வரலாற்று ஆய்வேடு எழுதுவது எப்படி: கேள்வியிலிருந்து முதல் வரைவு வரை

முதுகலை இறுதிப் பருவத்தில் ஆய்வேடு எழுதுபவர்களுக்கும், முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து முதல் ஆண்டில் திணறுபவர்களுக்கும் இந்த வழிகாட்டி. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில். படிப்பை நிறுத்திவிட்டது. சின்ன ஆய்வு ஒன்றைச் செய்து கை பழகும் இடைப்படி அதோடு போயிற்று. முதுகலை முடித்த கையோடு முனைவர் பட்டத்துக்குள் நுழைகிறவர்கள் ஆவணக் காப்பகத்தின் வாசலில்தான் முதல் பாடத்தைக் கற்கிறார்கள்.

பொதுவாகச் சொன்னால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஓர் உதாரணத்தை கடைசிவரை பிடித்துக்கொள்வோம்: தஞ்சாவூர் மாவட்டத்தில் அரிசி ஆலைகள் வந்தபின், கூலிக்கு நெல் குத்திய பெண்களின் பிழைப்பு என்னவாயிற்று? உங்கள் தலைப்பு சலவைத் தொழிலாக இருக்கலாம், டூரிங் டாக்கீஸாக இருக்கலாம். படிகளின் வரிசை மாறாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

துறைத் தலைவரோ நெறியாளரோ கையெழுத்திட்ட அறிமுகக் கடிதம் அசல் நான்கு படிகள். ஒவ்வொரு நிறுவனமும் அசலைக் கேட்கும். கடிதத்தில் தலைப்பை விரிவாகப் போடச் சொல்லுங்கள். "அரிசி ஆலைகள்" என்று மட்டும் இருந்தால், பிறகு தொழிலாளர் துறைக் கோப்பைக் கேட்கும்போது "இது உங்கள் தலைப்பில் இல்லையே" என்ற கேள்வி வரும். "தஞ்சாவூர் மாவட்டத்தில் உணவு, உழைப்பு, ஊராட்சி நிர்வாகம், 1930–1960" என்பதுபோல் அகலமாக இருக்கட்டும். ஆய்வேட்டின் தலைப்பு குறுகலாக இருக்கலாம், கடிதத்தின் தலைப்பு குறுகலாக இருக்கக் கூடாது.

பென்சில், ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் படம், முகமூடி. முகமூடி தூசிக்காக. பழைய கட்டு ஒன்றைப் பிரித்தால் இரண்டு நாள் தும்முவீர்கள். பேனாவைப் பையிலேயே விட்டுவிடுங்கள். மை ஒரு துளி பட்டாலும் அந்தத் தாள் பழையபடி ஆகாது.

இணையத்தில் ஷோத்கங்காவை (இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் மின்களஞ்சியம்) திறந்து, இதே தலைப்பில் ஏற்கெனவே ஆய்வேடு உண்டா என்று பாருங்கள். இருந்தால் பயப்பட வேண்டாம். அதன் அடிக்குறிப்புகளைப் படியுங்கள், எந்தத் துறையின் எந்த ஆண்டுக் கோப்புகள் கிடைக்கின்றன என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

2. தலைப்பைக் கேள்வியாக்குவது

"தஞ்சாவூரில் அரிசி ஆலைகள்: ஒரு வரலாற்றுப் பார்வை" என்பது தலைப்பு. அதை வைத்துக்கொண்டு ஆவணம் தேடப் போனால் கண்ணில் படுவதெல்லாம் தேவை என்று தோன்றும், ஆறு மாதத்தில் ஆயிரம் பக்கக் குறிப்பு சேரும், எழுத ஒரு வரி வராது.

கேள்வி என்றால், அதற்கு "இல்லை" என்றும் பதில் வர இடம் இருக்க வேண்டும். "ஆலை வந்ததால் நெல் குத்திய பெண்கள் கூலி இழந்தார்களா, இல்லை அதே ஆலையின் களத்தில் நெல் உலர்த்தும் வேலைக்குப் போனார்களா?" இது கேள்வி. இரண்டில் எது நடந்தது என்று உங்களுக்கு முன்கூட்டித் தெரியாது. தெரிந்திருந்தால் ஆய்வு தேவையில்லை.

அடுத்து, கேள்வியில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் ஆதாரம் எங்கே கிடைக்கும் என்று எழுதிப் பாருங்கள். ஆலை என்றால் உரிமம் கொடுத்த அலுவலகக் கோப்பு. பெண்கள் என்றால் மக்கள்தொகைக் கணக்கின் தொழில் அட்டவணை. கூலி என்றால் கிராம ஆய்வுகள், பேட்டிகள். ஒரு சொல்லுக்கு எதிரே வெற்றிடம் இருந்தால் கேள்வியை இப்போதே மாற்றுங்கள். நான்காம் மாதத்தில் மாற்றினால் பருவம் போய்விடும்.

3. காலத்தையும் இடத்தையும் வெட்டுவது

புதியவர்கள் வழக்கமாக 1900–1947 என்று போடுகிறார்கள். 1947 நாட்டுக்கு முக்கியமான ஆண்டு. உலக்கைக்கு அப்படியொன்றும் இல்லை. காலவரையறை உங்கள் பொருளிலிருந்து வர வேண்டும். 1932இல் பைக்காரா, 1937இல் மேட்டூர் என்று நீர்மின்சாரம் வந்தது ஆலைகளின் கதையைத் தொடும். 1934 டிசம்பரில் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் கைக்குத்தல் அரிசிக்காகப் பிரசாரம் செய்தது. அதன் செயலாளர் ஜே.சி. குமரப்பா தஞ்சாவூரில் பிறந்தவர். 1958இல் அரிசி ஆலைகளை ஒழுங்குபடுத்தும் மத்தியச் சட்டம் வந்தது. இவற்றைப் பார்த்தால் 1930–1960 என்பது பொருந்துகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. இன்று எண்பது வயதான ஒருவர் 1945 வாக்கில் பிறந்தவர். தன் கண்ணால் கண்டு சொல்லக்கூடியது 1950களின் நடுவிலிருந்துதான். அதற்கு முந்தையது தாய் சொன்னதாக, பாட்டி சொன்னதாக வரும். அதுவும் ஆதாரமே, ஆனால் வேறு வகை ஆதாரம். 1920இல் முடியும் தலைப்புக்கு "வாய்மொழி வரலாற்று முறை பின்பற்றப்படும்" என்று ஆய்வுத் திட்டத்தில் எழுதுவது வெறும் அலங்காரம்.

இடத்தில் விழும் பிழை இதைவிட மோசம். பழைய தஞ்சாவூர் மாவட்டம் என்பது இன்றைய தஞ்சாவூர் மட்டுமல்ல. நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களும் அதில் அடங்கும். புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம். 1974இல் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோது தஞ்சாவூரின் ஒரு பகுதி அதற்குப் போனது. 1931 எண்ணை எடுத்து இன்றைய மாவட்ட எண்ணோடு ஒப்பிட்டால் கிடைப்பது வரலாறு அல்ல, எல்லைக்கோட்டின் வித்தியாசம். ஒப்பிடும் அலகாக மாவட்டத்தை விட்டுத் தாலுகாவை எடுங்கள். அப்போதும் எல்லை மாறியதா என்று ஒவ்வொரு கணக்கின் முன்னுரையிலும் பாருங்கள்.

4. அச்சில் உள்ளதை முதலில் முடிப்பது

நேராக எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ஓடுவது பரவலான தவறு. அச்சில் வந்தவற்றைப் படிக்காமல் போனால் எந்தத் துறையைக் கேட்பது, எந்த ஆண்டைக் கேட்பது என்று தெரியாது. மூன்று வாரம் இதற்கு ஒதுக்குங்கள்.

முதலில் மாவட்ட கெசட்டியர், அதாவது மாவட்டத்தைப் பற்றிய அரசு விவரத் தொகுப்பு. தஞ்சாவூருக்கு ஹெமிங்வே எழுதியது 1906இல் வந்தது. அதில் உங்கள் பொருளைப் பற்றி இரண்டு பத்திதான் இருக்கும். ஆனால் ஊர்ப் பெயர்களின் அக்கால எழுத்துக்கூட்டல், அளவைகள், நில உரிமை முறைகள் எல்லாம் பிடிபடும்.

அடுத்து கிராம ஆய்வுகள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களைக் கொண்டு செய்த ஆய்வுகள் 1918இல் வெளிவந்தன. தஞ்சாவூர் மாவட்டத்துப் பாலக்குறிச்சி அவற்றில் ஒன்று. அதே கிராமங்களை மறுபடி ஆய்ந்து பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் 1940இல் வெளியிட்டார்கள். ஒரே ஊரை இரண்டு முறை பார்த்த ஆதாரம் எளிதில் கிடைக்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் படியுங்கள்.

பிறகு மக்கள்தொகைக் கணக்கு. இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள் என்பதால் கொஞ்சம் நிற்போம்.

தொழில் அட்டவணையில் "நெல் குத்துவோர், உமி நீக்குவோர், மாவு அரைப்போர்" என்று ஒரு பிரிவு இருக்கும். பிரிவின் வரிசை எண் ஒவ்வொரு கணக்கிலும் மாறும். எண்ணை வைத்துத் தேடாமல் பெயரை வைத்துத் தேடுங்கள். ஆண், பெண் என்று தனித்தனிப் பத்திகள் இருக்கும். 1921இல் இவ்வளவு பெண்கள், 1931இல் இவ்வளவு என்று எடுத்து, கழித்து, "ஆலை வந்ததால் இத்தனை பேர் வேலை இழந்தனர்" என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள்.

காரணம்: 1921 வரை மக்களை "வேலை செய்வோர்", "சார்ந்திருப்போர்" என்று இரண்டாகத்தான் பிரித்தார்கள். 1931இல் "சம்பாதிப்போர்", "வேலை செய்யும் சார்ந்தோர்", "வேலை செய்யாத சார்ந்தோர்" என்று மூன்றாக்கினார்கள். குடும்பத்தோடு சேர்ந்து உழைத்த பெண் இதில் ஒரு பத்தியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்துவிடுவாள். அவள் கையில் உலக்கை அப்படியேதான் இருந்திருக்கும். 1941இல் போர் காரணமாக அட்டவணைகள் சுருக்கப்பட்டன, தொழில் விவரம் கிடைக்காது. 1951இல் வரையறை மறுபடி மாறியது. ஆகவே இந்த எண்களைக் கொண்டு காலப்போக்கில் ஏறியதா இறங்கியதா என்று சொல்ல முடியாது. ஒரே ஆண்டுக்குள் தாலுகாவுக்குத் தாலுகா, மாவட்டத்துக்கு மாவட்டம், ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள விகிதத்தைச் சொல்ல முடியும். அது போதும்.

இன்னொன்று. வீட்டுக்கென்று நெல் குத்தியவள் எந்த அட்டவணையிலும் இல்லை. பக்கத்து வீட்டுக்குக் கூலிக்குக் குத்தினால் கணக்கில் வருவாள். அதே உரல், அதே கை. அட்டவணை எதை உழைப்பு என்று எண்ணியது என்பதே உங்கள் ஆய்வேட்டின் ஒரு இயலாக ஆகலாம்.

ஆலைகளின் எண்ணிக்கைக்குத் தொழிற்சாலைச் சட்ட ஆண்டறிக்கைகள் உண்டு. அதிலும் ஒரு பள்ளம். 1922 திருத்தத்துக்குப் பின் எந்திர விசையோடு இருபது பேர் வேலை செய்த இடமே பொதுவாகத் தொழிற்சாலை. ஒரு ஹல்லரும் (நெல் அரைக்கும் சிறு எந்திரம்) ஐந்தாறு ஆட்களுமாக ஓடிய ஊர் மில் அதில் வராது. 1948 சட்டம் அந்த எண்ணிக்கையைப் பத்தாகக் குறைத்தது. திடீரென்று ஆலைகள் பெருகியதுபோல் அறிக்கையில் தெரிந்தால், பெருகியது ஆலையா வரையறையா என்று முதலில் பாருங்கள்.

5. ஒரே ஒரு முன்னோட்டப் பேட்டி

காப்பகத்துக்குப் போகும் முன் வயதான ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வாருங்கள். இதை ஆய்வேட்டில் மேற்கோள் காட்டப் போவதில்லை. சொற்களைத் திரட்டத்தான் இந்தப் பேட்டி.

உலக்கையின் நுனியில் உள்ள இரும்பு வளையம் பூண். முதல் குத்தில் உமி போகும், அடுத்த குத்தில் அரிசியைத் தீட்டுவார்கள். புடைக்கும்போது முறத்திலிருந்து நொய் தனி, தவிடு தனி. கூலி காசாகவா, அரிசியாகவா, நொய்யும் தவிடுமாகவா என்பதைக் கேட்டால் உங்கள் கேள்வியே கூர்மையாகும். ஹல்லரில் அரைத்தால் உமியும் தவிடும் கலந்துதான் விழும். அப்படியானால் தவிட்டை நம்பி மாடோ கோழியோ வளர்த்தவளுக்கு ஆலை இரண்டு முறை இழப்பைக் கொடுத்திருக்கலாம். இந்தச் சந்தேகம் அரசாணைப் பட்டியலைப் புரட்டினால் வராது. ஒரு பாட்டி "மில்லுத் தவிடு மாடு திங்காது" என்பதுபோல் ஏதாவது சொன்னால்தான் வரும்.

6. ஆவணக் காப்பகத்தில் வேலை செய்யும் வரிசை

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை முன்பு மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீஸ் என்பார்கள். பழைய அடிக்குறிப்புகளில் அந்தப் பெயரே இருக்கும். வேறு இடம் என்று நினைத்து அலையாதீர்கள்.

முதல் இரண்டு நாள் கோப்பு எதையும் கேட்காதீர்கள். ஆண்டுவாரியாக, துறைவாரியாக அச்சிட்ட பொருளடக்கத் தொகுதிகளைப் புரட்டுங்கள். "அரிசி ஆலை" என்ற தலைச்சொல் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்தக் காலத்துக் குமாஸ்தா கோப்பை எந்தத் தலைப்பில் போட்டிருப்பார் என்று யோசியுங்கள். ஆலை அமைக்க அனுமதி மறுத்ததை எதிர்த்த மனு உள்ளாட்சித் துறையில் இருக்கும், ஏனென்றால் 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டப்படி எந்திரம் நிறுவ நகராட்சியின் அனுமதி வேண்டும். தொழிற்சாலை ஆய்வாளரின் அறிக்கை பொதுப்பணி–தொழிலாளர் துறையில். 1943க்குப் பின் உணவுக் கட்டுப்பாடு வந்ததும் ஆலைகள் பற்றிய பேச்சு உணவுத் துறைக் கோப்புகளுக்கு இடம் மாறும். புகை, இரைச்சல், உமி பறத்தல் பற்றி அக்கம்பக்கத்தார் கொடுத்த புகாரைத் தேட வேண்டுமானால் சுகாதாரம் என்ற தலைச்சொல்லையும் பாருங்கள்.

பட்டியலில் கண்ட ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரம் எழுதிக்கொள்ளுங்கள்: துறை, அரசாணை எண், முழுத் தேதி, வகைக் குறி (எண்ணின் முன் வரும் எம்.எஸ். போன்ற சுருக்கம்). ஆண்டு மட்டும் போதாது. ஒரே எண் ஒவ்வொரு துறையிலும் இருக்கும், ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத் தொடங்கும். கோரிக்கைச் சீட்டில் துறை விடுபட்டால் "கிடைக்கவில்லை" என்று திரும்பி வரும், நீங்கள் ஆவணமே அழிந்துவிட்டது என்று நினைப்பீர்கள்.

மாவட்ட அலுவலகக் கோப்புகளில் "ஆர். டிஸ்.", "டி. டிஸ்.", "எல். டிஸ்." என்ற குறிகள் வரும். கோப்பை எத்தனை காலம் வைத்திருப்பது என்பதன் அடையாளம் அது. ஆர். டிஸ். நிரந்தரம், டி. டிஸ். பத்தாண்டு, எல். டிஸ். ஓராண்டு. நிலம், வழக்கு, வருவாய் சார்ந்தவை நிரந்தரப் பட்டியலில் நின்றன. ஒரு கூலிக்காரி கொடுத்த மனு ஓராண்டில் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம். "பெண்கள் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை" என்று எழுதும் முன் இதை நினைவில் கொள்ளுங்கள். காப்பகத்தில் இல்லை என்பதால் நடக்கவே இல்லை என்று ஆகாது.

ஒரு நாளைக்குச் சில கோப்புகள்தான் வரும், வரவும் நேரம் பிடிக்கும். அதனால் காலையில் சீட்டு கொடுத்துவிட்டு, காத்திருக்கும் நேரத்தில் அடுத்த ஆண்டின் பொருளடக்கத்தைப் பாருங்கள். படம் எடுக்கலாமா, நகல் கட்டணம் எவ்வளவு என்பதை முதல் நாளே விசாரியுங்கள். இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை, மூத்த ஆய்வாளர் சொன்னதை நம்பிப் போகாதீர்கள்.

கோப்பை முடிவிலிருந்து படிக்காதீர்கள். அரசாணை என்பது கடைசியாகச் சேர்ந்த தாள், மேலே இருக்கும். அதன் அடியில் குறிப்புத் தாள், கலெக்டர் கடிதம், தாசில்தார் அறிக்கை, எல்லாவற்றுக்கும் கீழே மூல மனு. மனுதான் சமூக வரலாறு. மனுவை யார் எழுதினார் என்று கையெழுத்தைப் பாருங்கள். பத்துக் கைரேகைகள், ஒரே கையெழுத்தில் பெயர்கள் என்றால் இடையில் ஒரு மனு எழுதுபவர் இருக்கிறார். "ஏழைகளாகிய நாங்கள்" என்ற வரி அவருடைய வழக்கமான தொடராக இருக்கலாம்.

7. இதழ்களைத் தேடுவது

சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூரின் கன்னிமாரா, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இவை மூன்றையும் முதலில் பாருங்கள். ஈழத்துப் பொருள் என்றால் 'நூலகம்' என்ற இணையத்தளம். போகும் முன்பே பட்டியலை இணையத்தில் பார்த்து, எந்த இதழின் எந்த ஆண்டுகள் விடுபட்டுள்ளன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எழுத்துணரி மென்பொருள் பழைய தமிழ் எழுத்தில் தடுமாறும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னை, றா, ணா, னா வடிவங்களை அது வேறு எழுத்தாகப் படிக்கும். "ஆலை" என்று தேடினால் பாதி விழுந்துவிடும். இதற்கு இரண்டு வழி. ஒன்று, சீர்திருத்தம் தொடாத சொல்லைத் தேடுவது: நெல், உரல், அரிசி, மில். இரண்டு, ஒரே சொல்லைப் பல வடிவில் தேடுவது: கைக்குத்தல், கைக்குத்தரிசி, குத்தரிசி, நெல்குத்து, நெற்குத்து. ஆங்கில ஆவணங்களில் ஊர்ப் பெயருக்கும் இதே கதை. டாஞ்சூர், நெகபட்டம், மாயவரம் என்று அக்காலத்தவர் எழுதிய எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும்.

பெரியாரின் குடி அரசு இதழ் 1925 மே 2இல் தொடங்கியது. 1935 முதல் சில எழுத்துகளைப் பெரியாரின் மாற்று வடிவில் அச்சிட்டது. ஆகவே அதே இதழில் அந்த ஆண்டுக்கு முன்பும் பின்பும் தேடும் முறை வேறுபடும்.

கைக்குத்தல் அரிசி பற்றி 1935க்குப் பின் நிறைய எழுதியிருப்பார்கள். சத்து, கிராமப் பொருளாதாரம், சுதேசி என்று பக்கம் பக்கமாக வரும். குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் ஐக்ராய்டும் உடன் ஆய்ந்தவர்களும் தீட்டிய அரிசியைப் பற்றி வெளியிட்ட அறிக்கை 1940இல் வந்தது. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓரத்தில் ஒன்று குறியுங்கள்: எழுதியவர் உலக்கை பிடித்தவரா, குத்திய அரிசியைச் சாப்பிட்டவரா? பெரும்பாலும் இரண்டாவதுதான். அந்த எழுத்திலிருந்து படித்தவர்கள் உழைப்பை எப்படிக் கற்பனை செய்தார்கள் என்று தெரியும். குத்தியவளின் தோள்வலி தெரியாது.

8. தேதியும் அளவையும்

இதில் கவனம் தப்பினால் தேர்வாளர் கண்ணில் முதலில் படுவது இதுதான்.

வருவாய்த் துறைக் கணக்குகளில் வரும் பசலி ஆண்டோடு 590 கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு. பசலி 1340 என்றால் 1930 ஜூலை முதல் 1931 ஜூன் வரை. வெறும் 1930 என்று எழுதினால் பாதி ஆண்டு பிசகும். தமிழ் ஆண்டுப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். பேட்டியில் ஒருவர் "தாது வருஷம்" என்றால் பஞ்சம் வந்த 1876–77ஆ, 1936–37ஆ என்று கேட்டுத் தெளிவுபடுத்துங்கள். பஞ்சம் பற்றிக் கேட்டறிந்ததையும் தன் சிறுவயதையும் ஒன்றாகச் சொல்பவர்கள் உண்டு.

ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை. "0-3-6" என்றால் மூன்றணா ஆறு பை. இதை மூன்று ரூபாய் ஆறணா என்று படித்து, கூலி திடீரென்று பதினைந்து மடங்குக்கு மேல் ஆனதற்குக் காரணம் தேடுவது வழக்கமாக நடக்கும் விபத்து. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஆனால் மரக்கால் ஊருக்கு ஊர் பெரிதும் சிறிதுமாக இருந்தது, பண்ணையில் நெல் வாங்க ஒரு மரக்கால், கூலி அளக்க ஒன்று என்று இருந்ததா என்பதைப் பேட்டியில் கேளுங்கள். இருபது மா ஒரு வேலி, சுமார் ஆறேமுக்கால் ஏக்கர். மூல அளவையை ஆய்வேட்டின் உரையில் அப்படியே எழுதி, மாற்றிய அளவை அடிக்குறிப்பில் கொடுங்கள். மாற்றத்தில் பிழை இருந்தாலும் மூலம் தப்பிக்கும்.

9. குறிப்பெடுப்பது

ஓர் ஆதாரத்துக்கு ஒரு கோப்பு என்று வைக்காதீர்கள். ஒரு தகவலுக்கு ஓர் அட்டை. மேலே ஆதார விவரம் முழுமையாக, நடுவில் மூலத்தின் சொற்கள் மேற்கோள் குறிக்குள், கீழே உங்கள் கருத்து வேறு நிறத்தில். மூலத்தையும் கருத்தையும் ஒரே நிறத்தில் எழுதினால் எட்டு மாதம் கழித்து எது யாருடைய வரி என்று உங்களுக்கே தெரியாது. கருத்துத் திருட்டு என்று பிடிபடும் ஆய்வேடுகளில் கணிசமானவை இந்தச் சோம்பலால் வந்தவை.

கைபேசியில் எடுத்த படங்களுக்கு அன்று மாலையே பெயர் மாற்றுங்கள்: துறை, அரசாணை எண், தேதி, தாள் எண். அன்றே செய்யாவிட்டால் 1,400 படங்கள் எண்களாக மட்டும் கிடக்கும், மறுபடி எழும்பூர் போக வேண்டும்.

10. முழுப் பேட்டிகள்

பத்துப் பேர் போதும், ஆனால் பத்துப் பேரும் ஒரே தெருவில் இருக்கக் கூடாது. குத்தியவர், குத்த வைத்த வீட்டுக்காரர், மில்லில் களம் கூட்டியவர், மில் ஓட்டியவரின் குடும்பம் என்று நான்கு பக்கத்திலிருந்தும் வேண்டும்.

யாரோடு ஊருக்குள் போகிறீர்கள் என்பது முதல் கேள்வியைவிட முக்கியம். பழைய மிராசு வீட்டுப் பேரனின் வண்டியில் போய் இறங்கினால், பண்ணையாள் குடும்பத்துப் பாட்டி "அவங்க நல்லாத்தான் வச்சிருந்தாங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வர வேண்டிய அளவுக்கு நிலைமை இருந்த மாவட்டம் இது. முதல் நாள் காலனித் தெருவில் தொடங்கி, பெரிய வீட்டுக்குப் பிறகு போங்கள். திருப்பிச் செய்தால் செய்தி முந்திக்கொள்ளும்.

அனுமதியைக் குரலிலேயே பதிவு செய்யுங்கள்: எதற்காக, யார் கேட்பார்கள், பெயர் போடலாமா, வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். படிக்கத் தெரியாதவரிடம் ஆங்கிலப் படிவத்தை நீட்டிக் கைநாட்டு வாங்குவது அனுமதி ஆகாது. நிலம் எழுதி வாங்க வந்தீர்களோ என்ற அச்சமும் வரும்.

"மில் வந்ததால் பாதிக்கப்பட்டீர்களா?" என்று கேட்டால் "ஆமா" என்ற ஒரு சொல்லோடு முடியும். "விடியக்காலம் எழுந்தா முதல்ல என்ன வேலை, பாட்டி?" என்று தொடங்குங்கள். அப்பாயி, அம்மாச்சி, பெரியம்மா என்று அந்த வீட்டுப் பிள்ளைகள் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அதைக் கவனித்து, அவர் ஏற்றுக்கொண்டால் அப்படியே அழையுங்கள். மூலையில் பழைய உரல் கிடந்தால் அதன் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். கை உலக்கையைப் பிடித்ததும் வாய் திறக்கும், பாட்டும் வரும். குத்தும்போது பாடிய பாட்டைப் பாடச் சொல்லி நேராகக் கேட்டால் பலர் வெட்கப்படுவார்கள்.

மருமகளோ பேரனோ குறுக்கே பேசினால் தடுக்காதீர்கள். முதல் பதிவில் அவர்கள் பேசி முடிக்கட்டும். இரண்டாம் முறை மதியம் போங்கள், வீடு காலியாக இருக்கும்.

கைபேசியை விமானப் பயன்முறையில் வைத்துப் பதியுங்கள், இல்லையேல் முக்கியமான இடத்தில் அழைப்பு வந்து பதிவு அறுபடும். மின்விசிறி, கோழி, மிக்சி சத்தத்தைப் பத்து விநாடி சோதனைப் பதிவில் பாருங்கள். அன்றிரவே இரண்டு நகல் வேறு வேறு இடத்தில். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரமாவது ஆகும், கால அட்டவணையில் இதை மறப்பவர்களே அதிகம்.

எழுத்தாக்கும்போது பேச்சைச் செந்தமிழாக்காதீர்கள். "குத்திப்புட்டு வந்தா கை மரத்துப் போயிடும்" என்பதை "நெல் குத்திய பின் கைகள் மரத்துவிடும்" என்று மாற்றினால் பேசியவர் காணாமல் போகிறார். ஆய்வேடு ஆங்கிலத்தில் என்றாலும் மூலத் தமிழை அடிக்குறிப்பில் வையுங்கள்.

பேட்டியும் ஆவணமும் முரண்பட்டால் ஒன்றைப் பொய் என்று தள்ளாதீர்கள். "எங்க ஊருக்கு மில்லு சொதந்தரத்துக்கு அப்புறம்தான்" என்று ஒருவர் சொல்ல, உரிமக் கோப்பு சில ஆண்டு முன்னதாக இருந்தால், மில் பெரிய வீட்டு நெல்லுக்கு மட்டும் ஓடிய காலம் ஒன்று இருந்ததா என்று கேளுங்கள். அதைச் சரிபார்க்க மறுபடி ஒரு வாரம் காப்பகம் போக வேண்டியிருக்கும். அந்த வாரத்தை இப்போதே ஒதுக்கி வையுங்கள்.

11. எழுதும் வரிசை

முன்னுரையிலிருந்து தொடங்காதீர்கள். முதல் இயல் மாவட்டத்தின் புவியியல், இரண்டாம் இயல் கரிகாலனும் கல்லணையும், மூன்றாம் இயல் சோழர் காலம் என்று எழுதிக்கொண்டே போய், நெல் குத்திய பெண் 140ஆம் பக்கத்தில் வரும் ஆய்வேடுகள் ஏராளம். அந்த மூன்று இயலை எடுத்துவிட்டாலும் வாதம் குறையவில்லை என்றால் அவை தேவையே இல்லை.

ஆதாரம் மிகுந்த இயலை முதலில் எழுதுங்கள். பத்தியை ஆதாரத்தைச் சுற்றிக் கட்டாதீர்கள், சொல்ல வந்ததைச் சுற்றிக் கட்டுங்கள். ஒரு பத்தியில் கணக்கு அட்டவணையும் மனுவும் பாட்டியின் பேச்சும் சேர்ந்து வந்தால் சரியாகப் போகிறீர்கள் என்று பொருள். ஓர் இயல் முழுக்க அரசாணை, அடுத்த இயல் முழுக்கப் பேட்டி என்று இருந்தால் அவை ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை.

"பெண்கள் மிகவும் அவதிப்பட்டனர்" என்ற வரி எழுதியிருந்தால் அடித்துவிட்டு, எத்தனை மரக்கால் குத்தினால் எத்தனை படி கூலி என்று எழுதுங்கள். முன்னுரை கடைசியில் வரட்டும். அதில் எந்த ஆதாரம் கிடைக்கவில்லை, அது ஏன் கிடைக்கவில்லை என்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தேர்வாளர் கேட்கப் போவதும் அதைத்தான்.

12. வகுப்பில் நடத்துபவர்களுக்கு

இவ்வளவையும் விரிவுரையாகச் சொன்னால் யார் மனதிலும் ஏறாது. ஒன்றரை மணி நேர வகுப்புக்கு இரண்டு தாள் போதும்: 1921 தொழில் அட்டவணையின் ஒரு பக்கம், 1931இன் அதே பக்கம். பெண்களின் எண் ஏன் மாறியது என்று எழுதச் சொல்லுங்கள். எல்லோரும் காரணங்களை அடுக்கியபின் வரையறை மாறிய பக்கத்தைக் கொடுங்கள். வரையறையை முதலில் கொடுத்தால் பயிற்சி வீண், மாணவர்கள் தாங்களே ஒருமுறை விழுந்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் ஒவ்வொருவரும் வீட்டில் மூத்த ஒருவரிடம் ஒரே ஒரு பொருளைப் பற்றி, முறமோ அரிக்கேன் விளக்கோ, இருபது நிமிடம் பேசி, முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் எழுத்தாக்கி வரட்டும். தாங்கள் எத்தனை இடத்தில் குறுக்கே பேசினார்கள் என்பதைச் சிவப்பு மையில் வட்டமிட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள்.